அடுத்த வீட்டில் சாவு, எங்கள் வீட்டில் தோசை

அடுத்த வீட்டில் சாவு. இறந்தவரின் மகன் கனடாவிலிருந்து வரும்வரை பிரேதத்தை எடுக்கமாட்டார்கள். அதுவரை எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாரும் தாளிப்பதில்லை.

காலையில் அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, சாப்பிடப் பாண் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். பாண் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவசரமாகக் கோதம்பமாவைக் கரைத்தேன். பழகிய கை, வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் தாளித்து மாவில் கொட்டிவிட்டது.

முதல் தோசையைத் திருப்பும்போது, இறந்தவரின் தங்கை வேலியோரம் வந்தார்.

"பிள்ளை, உங்கடை வீட்டிலையோ தாளிக்கிற மணம்?"

"ஓம் அக்கா. அம்மாவுக்கு ஊசி போட்டாச்சு. சாப்பிடாட்டி மயங்கிப் போவா."

"சரி, சரி. உயிரோடை இருக்கிற ஆக்களுக்குப் பசிக்கும்தானே."

குத்தலா, உண்மையாகவே சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அம்மா குத்தலாகவே எடுத்துக்கொண்டார். அரைத் தோசையோடு தட்டைத் தள்ளிவிட்டார்.

"எனக்குக் காணும். அங்கை அழுறது கேக்குது, இங்கை என்னெண்டு விழுங்கிறது?"

மகனுக்கு நாளை மறுநாள்தான் விமானமாம். நாளைக்கும் ஊசி போட வேண்டும்.

உங்கள் வீடுகளில் இப்படியான நாட்களில் என்ன செய்கிறீர்கள்? "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். அம்மாவின் உடம்புக்கு அது விளங்காது.