தங்கைக்காக எழுதிய உயில்

எங்கள் தந்தையார் மறைந்து இன்றோடு ஓராண்டு. அழுது ஓய்ந்துவிட்டோம் என்று சொல்ல முடியவில்லை.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பஞ்சம் பிழைக்க ஆம்பூருக்கு வந்து, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். விரல்கள் வெந்து ரேகையே அழிந்துபோயிற்று. கைநாட்டு வைத்தால் வெறும் மைத்திட்டுதான் விழும். அதனாலேயே கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். பின்னர் ஒரு சாயபுவோடு கூட்டுச் சேர்ந்து சொந்த ஷாப்பு வைத்தார்.

என் தங்கை உடம்பால் வளர்ந்தவள், மனத்தால் குழந்தை. யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். அவள் பேரில் சொத்து இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்று தந்தையார் ஒரு நிலத்தை எழுதிவைத்தார். உறவினர் ஒருவர் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்து, கிரயப் பத்திரத்தில் அவள் கைநாட்டை வாங்கிக்கொண்டார். அவர் பெயரை எழுதவில்லை, இந்த நினைவு மலர் அவர் கைக்கும் போகும்.

வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்றார் வக்கீல். ஆனால் தங்கையைக் கோர்ட்டில் நிறுத்தி, புத்தி சுவாதீனம் இல்லாதவள் என்று மெய்ப்பிக்க வேண்டுமாம். தந்தையார் நிலத்தையே விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் உயில் எழுதினார். ஷாப்பில் தம் பங்கைச் சாயபுவும் வக்கீலும் டிரஸ்டிகளாக இருந்து காக்க வேண்டும். அந்த வருமானத்தில் தங்கைக்கு ஆயுள் முழுதும் சோறு, துணி, வைத்தியம் நடக்க வேண்டும். அவள் உட்பட யாருக்கும் விற்கும் உரிமை இல்லை. டிரஸ்டிகளில் என் பெயர் இல்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது.

"நான் இல்லியா நைனா?" என்று படுக்கையருகில் கேட்டேன்.

"நீ நல்லவதாம்மா. ஒனக்கும் ஒரு கஷ்டம் வரும். அப்ப அவ கைநாட்டுதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

கருமாதியன்று அதே உறவினர் வளையலோடு வந்தார். தங்கை சிரித்துக்கொண்டே புதுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டாள். சாயபு அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்கோ தம்பி. ஷாப்பு அவ பேர்லயே இல்ல. உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜார்?"

துக்க வீட்டில் நான் சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம் அழுதேன். என் மேல் தந்தையாருக்கு இருந்த சந்தேகம் இன்னும் வலிக்கிறது. அவர் செய்தது சரி என்பதும் தெரிகிறது.

கடைசி நாட்களில் அவரைக் கைத்தாங்கலாக நடத்திச் சென்ற ஷாப்புத் தொழிலாளர்களுக்கும், தங்கைக்கு மாதம் தவறாமல் வேண்டியதைச் செய்துவரும் சாயபுவுக்கும் வக்கீலுக்கும் எங்கள் நன்றி.

எழுதத் தெரியாத தங்கை இந்த மலரின் ஒவ்வொரு பிரதியிலும் கைநாட்டு வைத்திருக்கிறாள். "நைனாவுக்கா?" என்று மட்டும் கேட்டாள். வளையல் கேட்கவில்லை.