சீராக வந்த முறுக்கு மெஷின்

நான் பேட்டன்ட் எழுதிக் கொடுக்கும் ஆள். திருச்சியில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து, ஒருத்தர் கண்டுபிடித்ததற்கு மட்டுமில்லாமல் கண்டுபிடிக்காததற்கும் சேர்த்து உரிமை கேட்டு எழுதுவேன். வேலியை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் கேட்பாரில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் சுகம்.

ஒரு பெரிய கம்பெனிக்காக நான் எழுதிய வரி இது: "நெகிழும் எந்தப் பொருளையும் மோட்டாரால் துளை வழியே அழுத்தி வடிவம் தரும் எந்த அமைப்பும்." அவர்கள் செய்தது என்னவோ ஒரு நூடுல்ஸ் மெஷின். மோட்டார் என்ற சொல்லையும் எடுத்துவிட்டிருந்தால், காலையில் பேஸ்ட்டைப் பிதுக்குகிற நாடே குற்றவாளி. மேலாளர் தோளைத் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணப்பாறையிலிருந்து என் மனைவியின் அண்ணன் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். மோட்டாரில் ஓடும் முறுக்கு மெஷின் செய்து விற்கிறார். கையில் அந்தக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். மெஷின் செய்வதை உடனே நிறுத்தாவிட்டால் கோர்ட்டாம். பட்டறையையே மூட வேண்டியதுதான் என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார். படிக்கவே தேவையில்லை, எனக்கு மனப்பாடம்.

காபியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "இத எழுதினதே நான்தான் மச்சான்" என்றேன். அடுக்களையிலிருந்து என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை. மச்சான் கோபப்படவில்லை.

"உங்க பொழப்பு அது. வழி இருந்தா சொல்லுங்க."

வழி இருந்தது. கம்பெனி விண்ணப்பிக்கும் முன்பே அப்படியொரு மெஷின் ஊரறிய இருந்ததென்று காட்டினால் அந்த வரி நிற்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்ததே, தன் கையால் செய்த முதல் மெஷினைத்தான். பழத்தட்டுகளுக்கு நடுவே வைத்து, மண்டபமே பார்க்க என்னை வைத்தே ஓட்டிக் காட்டினார். கல்யாண வீடியோவில் சுவிட்சைப் போட்டுவிட்டு இளிப்பது சாட்சாத் நான். கம்பெனி விண்ணப்பித்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. எழுதும்போது அந்த மெஷின் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

பரணில் ஏறி அதை இறக்கினேன். ஓட்டிக் காட்டியபின் மண்டபத்தில் சுற்றிய ஜிகினாத் தாள்கூடப் பிரியவில்லை; கல்யாணத் தேதி போட்ட சீட்டும் அப்படியே ஒட்டியிருந்தது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, பட்டறை பிழைத்தது என்று நான் குதித்தேன்.

அவர் தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆறு வருஷத்துல ஒரு தடவகூட புழியலையா மாப்பிள்ளை?"

அந்த வரியை எழுதியது நான் என்று சொன்னபோதுகூட அவர் முகம் அப்படிச் சுண்டவில்லை.