நஞ்சுண்டன் பிரான்சுக்குப் போகாத கதை

நஞ்சுண்டனைப் போல லேத்தில் இரும்பு கடையும் ஒரு டர்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் இல்லை. அவனைப் போல ஒரு மடையனும் இல்லை. பத்து வருடம் பக்கத்து லேத்தில் நின்றவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

தொண்ணூற்று நான்கில் எங்கள் பம்ப் பட்டறைக்குப் புது மெஷின் பொருத்த ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். நான்கு மாதம் நஞ்சுண்டனின் கைவேலையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனவர் கடிதம் எழுதினார். அவருடைய கிராமத்தில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே, பால் கறக்கும் மெஷினுக்கு பம்ப் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறாராம். வேலை, வீடு, குடும்பத்துக்கும் விசா எல்லாம் ஏற்பாடு செய்கிறேன், வந்து இங்கேயே குடியிருங்கள் என்றார். அன்றிலிருந்து இவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தக் கிராமத்துப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

"அப்புறமென்ன, கெளம்பு" என்றேன்.

"சாமிகிட்டப் பூ கேக்கோணும் வரதா. எங்கண்ணன் சொல்லிப்போட்டாரு" என்றான்.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதன்பிறகு மற்றதைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. சிவப்பு வந்தது. இவனும் இந்த வருடம் முடியாது என்று எழுதிப்போட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அடுத்த வருடமும் கேட்டான். மறுபடியும் சிவப்பு.

தொண்ணூற்றாறில், இதுதான் கடைசி, இனி வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கடிதம் வந்தது. இந்த முறை நானும் கோயிலுக்குப் போனேன். அவன் மனைவி பழனாத்தாள், தான் மடித்துக் கொண்டுவந்த பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்தாள். நஞ்சுண்டன் கும்பிட்டான். பூசாரி ஒன்றைப் பிரித்தார். சிவப்பு.

நஞ்சுண்டன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "அட, என்னய்யா இது அநியாயம்!" என்று மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தேன். அதிலும் செவ்வரளிதான் இருந்தது.

எல்லோரும் பழனாத்தாளைப் பார்த்தோம்.

"ஆமாங்கண்ணா, நாந்தான் வெச்சேன். மூணு வருசமும் நாந்தான்" என்றாள் என்னிடம்.

"ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?" என்றான் நஞ்சுண்டன்.

"ஏனுங்க, சாமியக் கேட்டீங்க. உங்கண்ணனக் கேட்டீங்க. இந்த அண்ணனக் கேட்டீங்க. பாசை தெரியாம, பேச ஒரு சனமில்லாம, அந்த ஊட்டுக்குள்ள நாளெல்லாம் கெடக்கப்போறது நானு. நீ வாரியான்னு என்னைய ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

போ போ என்று மூன்று வருடம் அவனைப் பிடுங்கியெடுத்த நானும் அதைக் கேட்டதில்லை.

நஞ்சுண்டன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "இப்பக் கேக்கறேன். வாரியா?"

"வரலீங்க" என்றாள். "நாந்தான் வரலீன்னு சொன்னேன்னே எழுதுங்க. சாமி மேல பழி போடாதீங்க."