இரண்டு தட்டு

இது நடந்தது பட்டப்பகலில். பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து சோறு தின்கிறவன் நான். கதை கட்ட எனக்கு நேரமில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

என் தங்கைக்கு நிறைமாதம். அவள் வீடு மேட்டுத் தெருவில். அவசரத்துக்கு வேறு வண்டி அங்கே வராது. மாப்பிள்ளை வாங்கியிருந்த பழைய வண்டியோ நினைத்தால் எடுக்கும், இல்லாவிட்டால் எடுக்காது. சாவியைத் திருப்பினால் "டக்". அதோடு சரி. வலி கண்ட நேரத்தில் அது காலை வாரிவிட்டால்?

பேட்டரியில் குறையில்லை. முனைகளைச் சுரண்டினேன். எர்த் கேபிளை மாற்றினேன். இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, தேய்ந்த கார்பனை மாற்றிப் பூட்டினேன். என் பட்டறையில் திருப்பும்போதெல்லாம் எடுத்தது. மேட்டுத் தெருவுக்குப் போனதும்... டக்.

"உன் மூஞ்சியப் பாத்தா மட்டும் ஒழுங்கா எடுக்குது மச்சான்" என்றான் மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

"உன் மூஞ்சியப் பாத்தா எந்த வண்டிடா எடுக்கும்? கொண்டா இங்க."

மறுநாள் மத்தியானம் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்து கொண்டு வந்தான். பட்டறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. கரண்டும் இல்லை. உயரமான வண்டி, ஜாக்கி வைக்காமலே கீழே புகுந்துவிடலாம். மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லைட்டோடு புகுந்தேன்.

"நியூட்ரலா?"

"நியூட்ரல்தான்."

ஒரு காலை வெளியே போட்டு, போனைப் பார்த்தபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

எந்தப் பட்டறையிலும் ஒரு பேச்சு உண்டு. இரைச்சலில் கத்தினால் மேலே கேட்காது. கீழே கிடப்பவன் ஸ்பேனரால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சாவியைத் திருப்பு. இரண்டு என்றால் கையை எடு.

ஒரு தட்டு தட்டினேன்.

டக்.

டெஸ்ட் லைட் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் முழுசாக வருகிறது. மோட்டார் மட்டும் சுற்றவில்லை.

அப்போது... டங், டங்.

"ஏன் மச்சான் நிறுத்தச் சொல்ற?"

"நான் எங்கடா சொன்னேன்?"

மறுபடி ஒன்று தட்டினேன். டக். உடனே... டங், டங்.

என் ஸ்பேனர் என் நெஞ்சின்மேல் கிடந்தது.

"இன்னொரு தடவை திருப்பு" என்று கத்தினேன். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

டக்.

டங்... டங்.

கையில் உணர்ந்தேன். மோட்டாருக்கு உள்ளேயிருந்து தட்டு வந்தது. விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல.

காதோரம் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

இழுத்த மூச்சை விடவில்லை.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "எவனா இருந்தாலும் சரி! நிறைமாசக்காரி போக வேண்டிய வண்டி இது. வழிய விடுடா!" என்று மோட்டாரை ஓங்கி ஒரு குத்து குத்திவிட்டு வெளியே வந்தேன்.

கியர் தடியைப் பார்த்தேன்.

முதல் கியரில் கிடந்தது.

மேட்டில் நிறுத்தும் பழக்கம் அவனுக்கு. வண்டியை அணைத்ததும் கை தானாகக் கியர் போட்டுவிடும். கிளட்சில் கால் இல்லை. மோட்டார் ஒரு சுற்று சுற்றியிருந்தால் பின்சக்கரம் என் நெஞ்சில் ஏறியிருக்கும்.

நியூட்ரலுக்குத் தள்ளினேன். எடுத்தது. அணைத்தேன். கியர் போட்டு, கிளட்சை மிதித்துத் திருப்பினேன். டக். கியரில் இருந்தால் தடுக்கிற ஒயரோ சுவிட்சோ இந்த வண்டியில் கிடையாது. முழுசாகத் தேடிவிட்டேன்.

அன்று மாலையே தங்கைக்கு வலி கண்டது. பின்சீட்டில் அவள் கதறினாள். நியூட்ரல் பார்த்தேன். சாவியில் கை வைத்தேன்.

கீழேயிருந்து ஒரு தட்டு.

ஒன்றே ஒன்று.

எடுத்தது. பெண் குழந்தை.

மோட்டாரை மாற்று, வண்டியைத் தள்ளிவிடு என்று வீட்டில் ஆளாளுக்கு நச்சரித்தார்கள். முடியாது என்றேன். வண்டியை விற்றவரைத் தேடிப் போனேன். அவரும் பட்டறைக்காரர்தான். வண்டியைப் பார்த்ததுமே இரண்டடி பின்னால் போனார்.

"இதுக்கு அடியில யாருண்ணே செத்தது?"

"என் தம்பி" என்றார் தரையைப் பார்த்து. "செல்ஃப் பாக்கப் படுத்தான். வண்டி கியர்ல கெடந்துச்சு."

சாவியை நீட்டினேன். "நியூட்ரல்லதான் இருக்கு. ஒரு தடவை எடுங்க, பாப்போம்."

அவர் கை நீளவில்லை.

"என் கையில எடுக்காதுப்பா. அவன் போனதுலேருந்து ஒரு நாளும் எடுத்ததில்ல."

"ஏன்?"

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு தட்டுதான் தட்டுனான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்... ரெண்டு கேட்டுச்சு."