உடைசல் முட்டைக் கட்டு

முட்டை வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. கோழிப்பண்ணை வீட்டு மருமகள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கோழிக் கொட்டகையில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கை மூட்டு நழுவிவிட்டது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் மூட்டை இழுத்துச் சேர்த்து, கையை நேராக நீட்டி, மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டினார். கை கோணிப்போகக் கூடாது என்பது ஒன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலை. கட்டு இளகும்போதெல்லாம் மாமியார், விலைக்குப் போகாத உடைசல் முட்டைகளைக் கொண்டுவந்து அதன் மேலேயே பூசினார். பங்குனி வெயில் வேறு. உள்ளே புளித்து நாறியது, விளிம்பில் ஈ மொய்த்தது. பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே, கை குச்சி போல நேராக இருக்கிறது என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

சோறு மாமியார் கையால்தான். நல்ல மனசு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் ஏறிய நகங்களோடு அந்த விரல்கள் குழம்புச் சோற்றை உருட்டி என் உதட்டில் இடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவேன். என் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

கடைசியில் என்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் என் மேல் வந்த அக்கறையால் இல்லை. நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரர் வாசலில் கட்டில் போட்டுப் படுக்க ஆரம்பித்திருந்தார்.

கட்டைப் பிரித்த பிசியோதெரபிப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். தோள் மூட்டு, கிண்ணத்தில் உருண்டை உட்கார்ந்த மாதிரி, எந்தப் பக்கமும் சுழலும். முழங்கை கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நீளும், அவ்வளவுதான். அதை நீட்டியே வைத்திருந்ததால் இறுகிவிட்டது, மடித்துக் கட்டியிருக்க வேண்டும் என்றாள்.

மாமியாருக்கு அது ஏறவே இல்லை. "கை நேராத்தான இருக்குதுங்க, இன்னும் என்னங்க வேணும்?" என்று அவளிடமே கேட்டார்.

"வாய்க்குப் போகணுமேம்மா," என்றாள் அவள்.

மாதக்கணக்கில் அழுதுகொண்டே மடக்கிப் பழகினேன். கை மோவாய்க்குக் கீழே வந்து நின்றுவிடும். இனி அதற்கு மேல் வராது என்று அவளே சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் மாமியார் வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்தார். வேண்டாம் என்று தட்டை வாங்கிக்கொண்டேன். கை வருகிற வரைக்கும் வந்து நின்றது. மிச்சத் தூரத்துக்குக் கழுத்தை வளைத்துக் கவ்வினேன்.

"ஏஞ்சாமி, கோழியாட்டம் கொத்திக்கிட்டு? நான் ஊட்டறனே," என்றார்.

அடுத்த வாய்க்குக் குனிந்தேன்.