தையில் தேடினேன், ஆவணியில் கிடைத்தார்கள்

எங்கள் குடும்ப மரத்தை வரையும் பொறுப்பை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். முதல் வரைவில் அம்புக்குறி ஒன்று இடம் மாறியதில் பெரியப்பா தன் மாமியாரையே மணந்திருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் யாரும் எனக்குக் காலை வணக்கம் போடவில்லை. இனி வாய்வார்த்தையை நம்புவதில்லை, பதிவேட்டையே பார்ப்பது என்று போன புதன்கிழமை கிளம்பினேன். தொடக்கம் சுலபமாக இருக்கட்டுமென்று அப்பா அம்மா கல்யாணத்தை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் உட்கார முடியாததும் ஒரு காரணம். தங்கை மகள் யாழினிக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. பெண்ணுக்கு விசா கிடைக்கக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும், அது கிடைத்தபின்னும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இப்போதே கோயிலில் மாலை மாற்றிப் பதிவு செய்துவிட்டு, தையில் மண்டபத்தில் ஊரைக் கூட்டித் தாலி கட்டலாம் என்றாள் யாழினி. என் அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "தாலிக்கு முன்ன கையெழுத்து போட்ற பழக்கம் நம்ம வூட்ல இல்ல." அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் அம்மா சொல்லுக்கு அப்பீல் கிடையாது. யாழினி சாப்பிட மறுத்துப் படுத்திருந்தாள். (முறுக்கு டப்பா காலியானதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களைத் தவிர.)

அப்பா நெய்வேலி மைன்ஸில் பெர்மனென்ட். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வீடு கட்டினார். ஆகவே என் பயணம் வடலூர் நாற்சந்தியில் காலை 8.40க்குத் தொடங்கியது. கல்யாணம் நடந்த பண்ருட்டிக்கு இருபத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். நெய்வேலி ஆர்ச் கேட்டில் பாதி பஸ் இறங்க, எனக்கு உட்கார இடம் கிடைத்தது. 9.50க்குப் பண்ருட்டி. அங்கிருந்து பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோ, அறுபது ரூபாய்.

"ரிஜிஸ்டர் ஆபீசா? என்னா சார் விஷயம், பத்திரமா?" என்றார் ஓட்டுநர்.

"கல்யாணம்ப்பா."

கண்ணாடியில் என் நரையை ஒருமுறை பார்த்தார். "பொண்ணு எங்க சார்?"

"வடலூர்ல சாம்பார் வெச்சிக்கினு இருக்கு. கல்யாணம் எனக்கில்ல, எங்க அப்பாவுக்கு."

அவர் வண்டியை விரட்டினார். மீதிச் சில்லறையைக்கூடச் சற்றுத் தள்ளி நின்றே கொடுத்தார்.

அலுவலகத்தில் மனு எழுதி, தேடுதல் கட்டணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் துருப்புச் சீட்டு இருந்தது. மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகை. தை மாதம், வெள்ளிக்கிழமை, சுபயோக சுபதினம், எல்லாம் அச்சில் இருந்தது. கவுன்டரில் இருந்த அம்மணி அந்த வருடத்தின் பெயர் அட்டவணையைத் தையிலிருந்து மார்கழிவரை பார்த்தார். இல்லை. அடுத்த வருடமும் இல்லை. என் பெற்றோருக்குக் கல்யாணமே ஆகவில்லையோ என்று நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வியர்த்தது.

"அப்பா என்னா வேலைங்க?"

"மைன்ஸ்லங்க."

அவர் சிரித்துவிட்டார். "மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? பத்திரிகைக்கு முன்னால தேடணுங்க. சர்ட்டிபிகேட்ட வெச்சிதான குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போடுவாங்க? பொண்ணு வந்து எறங்கறப்ப வூடு ரெடியா இருக்கணும்னு முன்கூட்டியே பதிஞ்சுட்டுப் போய்டுவாங்க. பென்ஷனுக்கு நகல் கேட்டு வர்றவங்க பாதிப் பேரு உங்கள மாதிரிதான் முழிப்பாங்க."

முந்தைய வருடத்தின் அட்டவணையில் பத்தே நிமிடத்தில் அகப்பட்டார்கள். ஆகஸ்ட் கடைசி, அதாவது ஆவணி. திருவதிகையில் ஒரு கோயிலில் மாலை மாற்றியதாகப் பதிவு. பத்திரிகைக்கு ஐந்து மாதம் முன்பு! சாட்சிகள் இருவரும் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள். அம்மா பக்கத்திலிருந்து ஒருவர் பெயரும் இல்லை.

சான்றிட்ட நகலோடு பஸ் ஏறியபோது மணி 2.15. வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன். யாழினியிடம் ஹீரோ ஆகிவிடலாம், குடும்ப மரத்துக்கும் பரபரப்பு சேரும். 3.30க்கு வீட்டுக்குள் நுழைந்து, யாழினியையும் எழுப்பிக் கூட்டிவந்து, நகலை அம்மா முன்னால் விரித்தேன்.

"நம்ம வூட்ல இல்லாத பழக்கமாம்மா இது? பாரு."

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சாட்சிகள் பெயரில் விரல் நின்றது.

"டெய்லரிங் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்" என்றாள். "நிச்சயம் ஆயிடுச்சேன்னு உங்கப்பா கூப்ட்டாரு, போய்ட்டேன். அடுத்த மாசமே சீர் பேச்சுல ரெண்டு வூட்டுக்கும் சண்ட. எங்கப்பா நிச்சயத்தையே முறிக்கிறேன்னுட்டாரு. வேற எடம் பாக்கக் கெளம்பிட்டாரு. நான் ஏற்கெனவே இன்னொருத்தர் பொண்டாட்டின்னு யார்கிட்டடா சொல்லுவேன்? ரெண்டு வூடும் சமாதானமாகி தையில தாலி ஏர்ற வரைக்கும் தூக்கமில்ல. எந்தப் பொண்ணுக்கும் அது வேணாம்னுதான் சொன்னேன்."

ஒத்திகை பார்த்த வசனங்களை விழுங்கிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். யாழினிதான் மெதுவாகக் கேட்டாள்: "ஆயா, எனக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுதான நடக்கப் போவுது?"

அம்மா நகலை மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குடும்ப மரத்துக்கு நான் ஜெராக்ஸ்தான் எடுக்க வேண்டும்.

நீங்களும் இப்படித் தேடப் போவதானால், பத்திரிகைத் தேதியை வேதவாக்காக எடுக்காதீர்கள். நெய்வேலி டவுன்ஷிப் குடும்பமென்றால் ஒரு வருடம் பின்னால் போய்த் தொடங்குங்கள். தகப்பனார் பெயர்கள் முதலெழுத்தோடு கையில் இருக்கட்டும். பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்குமேல் பத்திரப் பதிவுக் கூட்டம் நெரிக்கும். டீ, ஜெராக்ஸ், சாப்பாடு உட்பட என் செலவு, அரசுக் கட்டணம் நீங்கலாக, முந்நூற்றுப் பத்து ரூபாய். முக்கியமாக, சாட்சிகளின் பெயர்களைப் படியுங்கள். யார் இல்லை என்பதையும் சேர்த்து.

வரும் புதன்கிழமை அதே 8.40 பஸ்ஸில் மறுபடி போகிறோம். யாழினி, மாப்பிள்ளை, தங்கை, நான். அம்மாவும். நகலைப் படித்த அன்று சாயங்காலமே சாட்சிக்கு என்னென்ன காகிதம் வேண்டுமென்று விசாரித்துவிட்டு, ஆதார் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டாள். இப்போது பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகுகிறாள்.

"எனக்குத்தான் அன்னிக்கு ஆளில்ல" என்றாள். "அவளுக்கு நான் இருக்கேன்."