தாலிக் கயிற்றைச் சுற்றிய மெஷின்

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில், பஞ்சு வைத்துப் போர்வை தைக்கும் பெரிய குயில்ட் மெஷின் இருக்கிறது. நானும் என் நாத்தனார் செல்வியும்தான் தைக்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டு வந்து மெஷினைப் போட்டதுமே, தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம்.

மெஷின் ஓடினால்தானே கோளாறு எங்கே என்று தெரியும் என்று, மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டத்திலேயே குனிந்து காதை வைத்தேன். தொங்கிய தாலிக் கயிறு பெல்ட்டில் சிக்கிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. முகம் இரும்பில் மோதி உதடு கிழிந்தது. கயிறு கழுத்தை நெரித்தது. சுவிட்சோ அந்தக் கோடியில் இருந்தது.

செல்வி கத்தரியோடு பாய்ந்தாள். நான் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, "வேணாம்டி, உங்க அண்ணனுக்கு ஆவாது!" என்று திணறினேன்.

"கைய எடுங்க அண்ணி! மூணு முடிச்சுல ரெண்டு நான் போட்டது, நானே அறுக்கறேன்!" என்று கத்தியவள், என் விரல்களைக் கடித்து விலக்கிக் கயிற்றை வெட்டினாள். வெள்ளைத் துணியெல்லாம் என் ரத்தம்.

வேலையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர், "நான் நல்லாத்தான் இருக்கேன். உன் மூஞ்சியக் கண்ணாடில பாரு" என்று சொல்லி அழுதுவிட்டார். மறுநாள் குன்றத்தூர் முருகன் சந்நிதியில் புதுக்கயிறு கட்டினார்.

மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்ததில், அடிநூல் சுற்றிய பாபினுக்குக் கீழே பஞ்சோடு அடைந்து கிடந்த உடைந்த ஊசிமுனைதான் அந்தச் சத்தத்துக்குக் காரணமாம்.

சகோதரிகளே, இப்போதெல்லாம் தாலியை ரவிக்கைக்குள் போட்டு ஊக்கு குத்திக்கொண்டுதான் மெஷின் பக்கம் போகிறேன். சத்தம் கேட்டால் வாய் இன்னமும் "முருகா" என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்குள் கை பிளக்கைப் பிடுங்கிவிடுகிறது.